கறளியல்: ஒன்ராறியோ கார்களை முன்வைத்து ஒரு தொடக்க ஆய்வு

இயல் 1: நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தபோது பனி கொட்டும் நிலத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் கனடா விசா கொடுக்கவில்லை. பிற்காலத்தில் இங்கே வந்து குடியேறிய தமிழ் எழுத்தாளர்கள் பனி நிலத்தை ஆறாம் திணை என்று சொல்லி அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தார்கள். ஆனால் பெரும்பாலும் மேப்பிள் இலை, தனிமை, ஊர் நினைவு என்ற எல்லைக்குள் நின்றுவிட்டார்கள். காருக்கு அடியில் குனிந்து பார்த்தவர் அரிது. இக்கட்டுரை அந்தக் குனிதலின் விளைவு.

ஆறாம் திணைக்கு இவ்வாய்வாளர் முன்மொழியும் இலக்கணம் வருமாறு. நிலம்: ஒன்ராறியோவின் 401ஆம் நெடுஞ்சாலையும் அதிலிருந்து இறங்கும் எல்லாத் தெருக்களும். பெரும்பொழுது: நவம்பர் முதல் ஏப்ரல் வரை. சிறுபொழுது: விடியல், அதாவது கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டும் நேரம். கருப்பொருள்: உப்பு லொறி, சுரண்டி, கறுத்த பனிச்சேறு, சோடி தவறிய ஒற்றைக் கையுறை. உரிப்பொருள்: ஒத்திவைத்தலும் ஒத்திவைத்தல் நிமித்தமும்.

கடைசியில் சொன்னதுதான் இந்த ஆய்வின் கருதுகோள். கறள் இரும்புக்கு வருகிற நோய் என்பார்கள் வேதியியலார். அது முதலில் காரை உடையவருக்கு வந்து, பிறகுதான் காருக்குத் தொற்றுகிறது என்பது நம் கட்சி. தமிழ்நாட்டு வாசகர்கள் கறள் என்ற இடத்தில் எல்லாம் துரு என்று வாசித்துக்கொள்ளலாம். அவர்களுடைய காருக்கு இந்தத் திணை இன்னும் வாய்க்கவில்லை.

இயல் 2: உப்பு வந்த வழி

ஹியூரன் ஏரிக்கரையில் கொட்ரிச் என்று ஓர் ஊர். 1866இல் அங்கே எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். எண்ணெய் அகப்படவில்லை, உப்பு அகப்பட்டது. 1959இல் சுரங்கம் திறந்தார்கள். ஏரிக்கு அடியில் 500 மீற்றருக்கும் கீழே இறங்கும் அந்தச் சுரங்கம்தான் இன்று உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் மிச்சம் அது. அத்தனை காலம் ஒருவருக்கும் தொல்லை கொடுக்காமல் கிடந்த உப்பை வெட்டி, மேலே தூக்கி, லொறியில் ஏற்றி, ஸ்காபரோவில் ஒருவருடைய கொரோலாவின் வயிற்றில் ஒட்டவைப்பதற்கு ஒரு பெரிய நிர்வாகமே இரவு பகலாக உழைக்கிறது.

கனடா முழுவதும் தெருவுக்குப் போடும் உப்பு ஆண்டுக்கு 50 இலட்சம் தொன் அளவில் வரும் என்பது கூட்டாட்சி அரசின் கணக்கு. 2001இல் அந்த அரசே ஆராய்ந்து, இந்த உப்பு சூழலுக்குக் கேடு என்று முடிவுக்கு வந்து, 2004இல் அளவாகப் போடும் முறை பற்றி ஒரு கோவையும் வெளியிட்டது. மீனுக்கும் செடிக்கும் நிலத்தடி நீருக்கும் கவலைப்பட்ட ஆய்வு அது. கார் உயிரினங்களில் சேராதபடியால் அதன் சார்பில் பேச ஆள் இல்லை.

உப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு: உப்புக் கலந்த தண்ணீர் சுழியப் பாகையில் உறையாது. நூற்றுக்கு 23 பங்கு உப்பு இருந்தால் −21 பாகை வரை திரவமாகவே நிற்கும். ஆனால் தெருவில் அந்தக் கணக்கு நடக்காது. −10 பாகை நெருங்கும்போதே உப்பு சோர்ந்துவிடும். அப்போது கல்சியம் குளோரைட்டையோ மக்னீசியம் குளோரைட்டையோ துணைக்கு அழைக்கிறார்கள். இவை இரண்டும் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. ஆகவே தெரு காய்ந்தாலும், காரின் மடிப்புக்குள் புகுந்த துகள் காய்வதில்லை. சில நகரங்கள் பீற்றூட் சாற்றையும் கலந்து தெளிக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பாலாடைக்கட்டி ஊறிய உப்புத் தண்ணீரைத் தெருவில் விட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் இருக்கவேண்டிய சாமான் எல்லாம் காருக்கு அடியில் போய்ச் சேருகின்ற திணை இது.

ஆனையிறவு உப்பளத்தைப் பஸ் யன்னலால் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு உப்பு என்றால் வெயிலில் மின்னும் வெள்ளைக் குவியல். அந்தத் தலைமுறையின் யாழ்ப்பாணத்தில் 1950களில் வந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெய் குடித்தும் ஓடின. கடற்காற்று அங்கேயும் இருந்தது, கறளும் இருந்தது. ஆனால் உப்பைக் கரைத்து, ரயரால் சுழற்றி, மூடிய மடிப்புகளுக்குள் பீச்சி அடிக்கிற ஏற்பாடு அங்கே இல்லை. அங்கத்தைய காரோடு இங்கத்தைய காரை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுகிற மாமாமார் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும்.

உப்பை நிறுத்து என்று இவ்வாய்வு கோரவில்லை. பிரேக் அடித்தால் கார் நிற்பது முக்கியம்; நின்ற கார் கறள் பிடிப்பது இரண்டாம்பட்சம்.

இயல் 3: சூத்திரமும் உரையும்

வெள்ளைப் பனியும் விதைத்த உப்பும்
உள்ளே புகுந்த ஈரமும் கூடின்
கறளெனப் படுமே கதவின் கீழ்விளிம்பு.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், கறள் தோன்றுமாறு உணர்த்துதல் நுதலிற்று. ஆக்கியவர் இவ்வாய்வாளரே, வேறு ஒருவரும் முன்வரவில்லை.

'வெள்ளைப் பனி' என்றமையால் இரண்டாம் நாள் கறுத்துச் சேறாகும் பனியும் கொள்க. 'விதைத்த' என்றார், விளைச்சல் உண்டு என்பது தோன்ற. 'உள்ளே புகுந்த ஈரம்' என்றது வெளியே தெரியும் ஈரத்தை விலக்குதற்கு. வெளி ஈரம் காற்றில் காயும், உள் ஈரம் குடியிருக்கும். 'கூடின்' என்றதனால் மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேகம் குறையும் என்பது பெறப்படும். 'கதவின் கீழ்விளிம்பு' என்றது உபலட்சணம். ரயர் வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் ரொக்கர் பனல், டிக்கி மூடியின் மடிப்பு, பிரேக் எண்ணெய்க் குழாய் ஆகியவையும் தழுவிக்கொள்ளப்படும்.

வேதியியல் சுருக்கம்: இரும்பு இலத்திரனை இழக்கிறது, ஒட்சிசன் அதை வாங்குகிறது, தண்ணீர் இரண்டுக்கும் தரகு. நல்ல தண்ணீர் மந்தமான தரகர். உப்பு சேர்ந்ததும் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தத் தொடங்கும். குளோரைட்டோ இரும்பின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடும். பிறக்கிற கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாதபோது மேலிருக்கும் பெயின்ரைத் தள்ளும். அதுதான் நாம் காணும் கொப்புளம். இதிலிருந்து ஒரு துணைவிதி: கண்ணுக்குக் கொப்புளம் தெரிகிற அன்று கறளின் வயது சுழியம் அல்ல. அது ஏற்கெனவே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது.

பெயின்ர் என்று நாம் சொல்வது அடிப்பூச்சு, நிறம், மேலே பளபளப்பு எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவு. அதற்குக் கீழே துத்தநாகப் பூச்சு, அது இன்னும் மெல்லியது. இந்தத் துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். தியாகம் செய்வதற்கென்றே பூசப்பட்டது. போர்ஷ 911இன் உடலை 1970களின் நடுவிலும், ஔடி 80இன் உடலை 1986இலும் முழுக்கத் துத்தநாகம் பூசிக் கொண்டுவந்தார்கள். மற்றக் கம்பனிகளும் மெல்ல இவ்வழிக்கு வந்தன; அதனால்தான் இன்றைய கார்கள் 1970களின் கார்களைப்போல நாலைந்து வின்ரரில் உதிர்ந்து கொட்டுவதில்லை. ஆனால் முன்னால் போகிற லொறியின் ரயர் எறிந்த ஒரு சிறு கல் இந்த அடுக்கு எல்லாவற்றையும் ஒரே அடியில் கடந்து இரும்பைத் தொட்டுவிடும்.

இயல் 4: கள ஆய்வு

இடம், ஸ்காபரோவில் ஒரு கராஜ். காரை லிஃப்டில் ஏற்றியாயிற்று. சாம்பல் நிறக் காரின் பின்பக்க ரயர் வளைவில் மிளகு அளவில் ஒரு கொப்புளம். உடையவர் அதைக் காட்டவே வந்திருந்தார். மெக்கானிக் அதைப் பார்க்கவே இல்லை. லைற்றை எடுத்துக்கொண்டு நேரே அடியில் போய், ரொக்கர் பனலின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டைக்குள் ஸ்குரூ டிரைவரின் முனையை விட்டுக் கிண்டினார். ஈரமான மண், அழுகிய இலை, கபில நிறத் தண்ணீர் என ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்தன. கடைசியாக, அப்பளத்தின் ஓரம் ஒடிவதுபோல ஒரு செதில் ஒடிந்து விழுந்தது.

"தம்பி, நான் காட்டினது மேல ஒரு பொட்டுத்தானே?"

"பொட்டு வெளியில அண்ணை. ஆக்கள் உள்ளுக்கை இருக்கினம்."

அந்த ஓட்டை கறள் போட்ட ஓட்டை அல்ல என்பது இங்கே குறிக்கத்தக்கது. தண்ணீர் வடிவதற்காகத் தொழிற்சாலையே விட்டது. கதவின் அடிவிளிம்பிலும் இப்படி இரண்டு மூன்று இருக்கும். இலையும் மண்ணும் அடைத்தால் கதவுக்குள் இறங்கிய தண்ணீர் அங்கேயே தங்கும். கறளுக்கு மருந்து தேடி டொலர் கணக்கில் செலவழிப்பவர்கள் இந்த ஓட்டைகளைக் குச்சியால் ஒருதரம் கிண்டிவிடுவதில்லை. இலவசமான சிகிச்சை எதுவும் இத்திணையில் மதிக்கப்படுவதில்லை என்பது ஒரு பொதுவிதி.

கள ஆய்வில் எதிர்பாராத இன்னொன்று: வீட்டோடு ஒட்டிய சூடான கராஜில் தூங்குகிற கார், வெளியில் பனியில் நிற்கிற காரைவிட விரைவாகக் கறள் பிடிக்கலாம். வெளியில் உறைந்து கிடக்கும்போது வேதிவினை மந்தம். உள்ளே கொண்டுவந்தால் பனி உருகும், உப்பு கரையும், சூடு வேகம் கொடுக்கும்; விடிய விடிய வேலை நடக்கும். காரைக் குழந்தைபோலப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். நம்ப மறுக்கிறார்கள்.

இயல் 5: எது கறள்? வரைவிலக்கணச் சிக்கல்

கார்க் கம்பனியின் உத்தரவாதப் புத்தகம் ஒரு தருக்க நூல். மேற்பரப்பில் பிடித்த கறளுக்கு ஒரு காலவரை, அது குறுகியது. 'துளைபட்ட' கறளுக்கு இன்னொரு காலவரை, அது பொதுவாக 5 ஆண்டும் அதற்கு மேலும். துளை என்றால் தகடு உள்ளிருந்து வெளியே முழுக்க அரிபட்டு ஓட்டை விழவேண்டும். கல் பட்டுத் தொடங்கிய கறள் சேராது. ஆக, கறளைத் தொடக்கத்திலேயே கண்டு கொண்டுபோனால், "இன்னும் ஓட்டை விழவில்லையே" என்பார்கள். ஓட்டை விழுந்த பிறகு கொண்டுபோனால் பெரும்பாலும் காலவரை முடிந்திருக்கும். நோயாளி இறக்கும்வரை காய்ச்சலை ஒப்புக்கொள்ளாத வைத்தியம் இது. விழிப்பானவனுக்குத் தண்டனையும் சோம்பேறிக்கு ஒரு சின்ன நம்பிக்கையும் வைத்திருப்பதால், ஒத்திவைத்தலே இத்திணையின் உரிப்பொருள் என்ற நம் கட்சிக்கு இந்தப் புத்தகம் சிறந்த சான்று.

கம்பனிகள் ஒப்புக்கொண்ட இடங்களும் வரலாற்றில் உண்டு. பிரித்தானியாவில் 1980இல் லான்சியா பீற்றா கார்களின் அடிச்சட்டம் அரிபட்டு, கம்பனியே பல கார்களைத் திருப்பி வாங்கவேண்டி வந்தது; அந்த நாட்டில் லான்சியாவின் பெயர் அதிலிருந்து மீளவேயில்லை. நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ரொயோட்டாவும் தப்பவில்லை. ரக்கோமா, ருண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் அடிச்சட்டம் கறள் பிடித்த வழக்கில் 2016இல் அமெரிக்காவில் ஓர் இணக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகள். மதிப்பு 340 கோடி டொலர் வரை போகலாம் என்றார்கள். "ரொயோட்டா எண்டால் கறள் பிடிக்காது" என்று கலியாண வீட்டில் யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இயல் 6: சமயங்கள்

கறளை எதிர்கொள்வோர் பல சமயத்தினர். முதலாவது மறுப்புச் சமயம். "அது சேறு" என்பதே இவர்களின் மகாவாக்கியம். விரல் நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னால் கோபிப்பார்கள். அடுத்தது ஒத்திவைப்புச் சமயம், ஆட்பலத்தில் பெரியது. வின்ரரில் "சமர் வரட்டும்" என்பார்கள். சமரில் "இந்த வின்ரரும் போகட்டும், பிறகு ஒரேயடியாய்ச் செய்வம்" என்பார்கள். மூன்றாமவர் மூடுசமயத்தார். கொப்புளத்தின் மேலேயே ஸ்பிறே பெயின்ர் அடிப்பார்கள், அல்லது பிள்ளையின் ஹொக்கி அணி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ஈரத்துக்குக் கதவு சாத்திக் கொடுக்கும் வேலை அது; கறளுக்கு இவர்களைவிட நல்ல நண்பர் இல்லை.

மெய்யான தத்துவச் சண்டை தார்ச் சமயத்துக்கும் எண்ணெய்ச் சமயத்துக்கும் இடையில்தான். காரின் அடியில் கெட்டியான தாரோ ரப்பரோ மெழுகோ பூசிவிட்டால் தண்ணீர் அண்டாது என்பது தார்ச் சமயம். டிட்ரொயிட்டில் 1959இல் தொடங்கிய சீபார்ட் நிறுவனம் காரின் மூடிய உட்பாகங்களுக்குள் காப்புப் பூச்சைப் பீச்சுவதையே ஒரு தொழிலாக்கி, இந்த வகைப் பூச்சைப் பரப்பியது. புதுக் காருக்குச் சரியாகப் பூசினால் பலன் உண்டு. ஆனால் பூச்சு காலப்போக்கில் இறுகி வெடிக்கும். வெடிப்புக்குள் புகுந்த உப்புத் தண்ணீருக்கு வெளியேற வழி இராது. மேலே பார்த்தால் கறுப்பாக, அழகாக இருக்கும். தட்டினால் தாரும் கறளும் சேர்ந்து ஒரு பலகையாகக் கழன்று விழும்.

எண்ணெய்ச் சமயத்தினர் ஆண்டுக்கு ஒருமுறை, வின்ரருக்கு முன், மெல்லிய எண்ணெயை அடியிலும் மடிப்புகளுக்குள்ளும் அடிக்கிறார்கள். சிலர் ஆட்டு மயிரில் இருந்து எடுக்கும் கொழுப்புக் கலந்ததைப் பாவிக்கிறார்கள். எண்ணெய் இறுகாது, ஊர்ந்து போகும், தண்ணீரை விலக்கும், ஏற்கெனவே பிடித்த கறளுக்குள்ளும் ஊறும். குறை என்னவென்றால் ஒன்றிரண்டு நாள் வடியும். வீட்டு வாசலில் கறை படும். அதனால் எண்ணெய்ச் சமயத்தினர் வெளியில் கறளோடும் வீட்டுக்குள் வேறொரு சக்தியோடும் போராடவேண்டியவர்கள்.

தீர்ப்பு: எண்ணெய். ஓடிப் பழகிய காருக்கு இதில் சந்தேகமே இல்லை. வாசலில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்தால் சமரசமும் கிட்டும்.

இயல் 7: மின்பெட்டி என்னும் புறச்சமயம்

புதுக் கார் வாங்கும்போது கடைசி மேசையில் ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றைக் காட்டுவார். பற்றரியில் இணைத்தால் உடல் முழுதும் மின்சாரம் பரவிக் கறளை விரட்டும் என்பார். இந்தக் கருத்துக்குக் கௌரவமான மூதாதை உண்டு. 1824இல் சர் ஹம்ப்ரி டேவி, கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டோடு இரும்புத் துண்டுகளையும் துத்தநாகத் துண்டுகளையும் பொருத்தினார். செம்பு கரையவில்லை. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை சிப்பியையும் பாசியையும் தள்ளி வைத்திருந்தது. அது நின்றதும் அவை கப்பலில் மண்டி வேகத்தைக் குறைத்துவிட்டன. வெற்றியே தோல்வியானதால் கடற்படை கைவிட்டது.

டேவியின் முறை வேலை செய்தது கப்பல் கடலில் முழுக்க நின்றபடியால். மின்சுற்று மூடுவதற்குச் சுற்றிலும் உப்பு நீர் வேண்டும். கார் காற்றில் நிற்கிறது. அதைக் கடலுக்குள் நிறுத்த உடன்படுவோருக்குப் பெட்டி பயன்படலாம். 1990களில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இப்படி ஒரு கருவியை விற்றவர்கள்மீது பொய் விளம்பரத்துக்காக நடவடிக்கை எடுத்தது. அந்த மேசைக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இயல் 8: கடுக்காய்ச் சம்பந்தம்

இனிப் பரிகாரம். மிளகளவுக் கொப்புளத்துக்கு யூன் மாதத்தில் காய்ந்த ஒரு நாள் போதும். முதலில் கொப்புளத்தைப் பிளேட்டால் கிளறி எடுக்கவேண்டும். மிளகு என்று தொடங்கியது இருபத்தைந்து சதக் குற்றி அளவுக்கு விரியும். பயப்படவேண்டாம், அது எப்போதும் அந்த அளவுதான், இப்போதுதான் தெரிகிறது. சொரசொரப்பான அரத்தாளால் தொடங்கி மெல்லியதில் முடித்து, சுற்றிலும் மினுங்கும் இரும்பு தெரியும்வரை தேய்க்கவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் நடுவில் ஊசிமுனைக் குழிகளில் கபிலப் புள்ளிகள் மிஞ்சும். அங்கேதான் கறள் மாற்றி என்ற திரவத்தைத் தூரிகையால் தொட்டு வைப்பது. கொஞ்ச நேரத்தில் கபிலம் நீலக் கறுப்பாக மாறும்.

இந்தக் கறுப்பு நமக்கு அந்நியமல்ல. பல கறள் மாற்றிகளில் உள்ள சரக்கு தனின், கடுக்காயின் துவர்ப்பும் அதேதான். காளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்கள் பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாட்கணக்காக ஊறப்போட்டு, அந்த நீரைக் கடுக்காயும் பாலும் தோய்ந்த துணியில் எழுதுகோலால் தொட்டதும் கோடு கறுப்பாகும். இரும்பும் தனினும் கூடிய அதே கறுப்பு. அவர்கள் கறளை வேண்டுமென்றே வளர்த்து இராமாயணம் வரைகிறார்கள். நாம் கடையில் போத்தல் வாங்கி ரயர் வளைவில் தடவுகிறோம். இந்தத் தொடர்பை விரித்து எழுதினால் ஒரு கலாநிதிப் பட்டம் தேறும் என்று நினைக்கிறேன். விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றி காய்ந்த பிறகு எபொக்சி அடிப்பூச்சு, அதன்மேல் காரின் நிறம், கடைசியில் பளபளப்புப் பூச்சு. நிறத்தின் எண் பல கார்களில் சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். மாற்றி, கறளை நிறுத்துமே தவிர இல்லாத இரும்பை உண்டாக்காது. விரல் அழுத்தத்துக்குத் தகடு நெளிந்தால் அந்த இடம் வெட்டி ஒட்டும் வேலை. அடிச்சட்டத்திலோ பிரேக் குழாயிலோ என்றால் தூரிகையை வைத்துவிட்டு உடனே கராஜுக்குப் போகவேண்டும். பழைய காரைப் பெயர் மாற்றக் கேட்கும் 'சேஃப்டி' சான்றிதழும் அந்த இரண்டு இடங்களில்தான் தடைபடும்.

இயல் 9: கழுவுதல்

கழுவுங்கள். −10 பாகைக்கு மேல் ஏறுகிற எந்த நாளிலும், அடியை.

பின்னிணைப்பு: பழைய கார் வாங்கச் செல்வோருக்கு

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப்பையில் கொண்டுபோகவும். ரயர் வளைவிலும் கதவின் கீழ்விளிம்பிலும் வைத்துப் பார்க்கவும். மற்ற இடங்களில் ஒட்டுகிற காந்தம் அங்கே வழுக்கினால் பெயின்ருக்குக் கீழே இரும்புக்குப் பதிலாகப் பசை நிரப்பியிருக்கிறார்கள். அலுமினியத்திலும் பிளாஸ்ரிக்கிலும் காந்தம் இயல்பாகவே ஒட்டாது; 2015 முதல் வருகிற ஃபோர்ட் எஃப்-150இன் கதவில் ஒட்டவில்லை என்று விற்கிறவரோடு சண்டைக்குப் போகவேண்டாம். அடிப்பக்கம் புதிதாகக் கறுப்புப் பூசி மினுங்கினால், எந்த மாதத்தில் பூசியது, ஏன் பூசியது என்று கேளுங்கள். லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், திரும்பி வந்துவிடுங்கள்.